பாத்ரூமில் வழுக்கி விழுந்தவள்

கார் விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது என் மாமனாருக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். செங்கல்பட்டு கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். லாரி மோதியவர்கள், பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்தவர்கள், ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கப் போய் மறுபக்கம் போய்ச் சேராதவர்கள் என்று எல்லாருடைய வழக்குக் கட்டுகளும் அவர் கை வழியாகப் போனவைதான். அதனால் வீட்டில் விபத்து என்று பேச்சு வந்தால் டாக்டர் மாதிரி பேசுவார். ஒரே ஒரு வித்தியாசம். டாக்டர் முதலில் ஆளைப் பார்ப்பார், இவர் முதலில் வண்டியைப் பார்ப்பார்.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று தோன்றும். கோபம்தான். வருஷம் போனால் ஆறிவிடும் என்று பலர் சொன்னார்கள். அவர்களுக்கெல்லாம் இரண்டு காலும் ஒரே நீளத்தில் இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். எனக்கு அப்பா இல்லை. அம்மா சத்துணவுக் கூடத்தில் ஆயா. ஒரு தம்பி, அப்போது படித்துக்கொண்டிருந்தான். நான் நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தேன். அந்த வேலையில் நாற்காலி என்பது பெயருக்குத்தான். காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும், நடுவில் ஓடவும் வேண்டும். நன்றாகவே ஓடுவேன். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம், சொந்த வீடு. அம்மா சம்மதம் சொல்வதற்கு முன்பே தலையாட்டிவிட்டாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் என் கணவர் கார் வாங்கினார். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரின் பழைய வெள்ளைக் கார். எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். அதற்கு ஒரு உறை தைத்தார்கள். காலையில் உறையை எடுத்து, துடைத்து, திரும்ப உறை போடுவார். அவரிடம் அப்போது எல்.எல்.ஆர். மட்டும்தான் இருந்தது. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்க இன்னும் நாள் இருந்தது. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்காராமல் ஓட்டக் கூடாது என்பது கோர்ட்டில் வேலை பார்த்த மாமனாருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெருவே பார்க்கும்போது காரை உறைக்குள்ளேயே வைத்திருப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். என் மாமியாருக்குப் பின்சீட்டு ஜன்னல் வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். அவருக்குப் பக்கத்தில் மாமனார். அதனால் நான் முன்சீட்டில். பட்டுப்புடவை கட்டச் சொன்னார்கள், கட்டினேன். கடற்கரையில் எல்லாரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, என் கணவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி நிறுத்திய இடத்தைப் பார்த்தபடியே சுண்டல் தின்றார். திரும்பி ஏறும்போது ஒவ்வொருவராகக் காலைத் தட்டி, மணல் போன பிறகுதான் உள்ளே விட்டார். ஒரு காலைத் தட்டும்போது இன்னொரு காலில் நின்றேன். எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றேன் என்பது இப்போது நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

திருக்கழுக்குன்றம் தாண்டிச் செங்கல்பட்டு வரும் ரோட்டில் அப்போதெல்லாம் இரண்டு பக்கமும் புளியமரங்கள். நல்ல வெயில். முன்கண்ணாடியில் ஒரு காக்கை எச்சம் போட்டது. என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. வைப்பரைப் போட்டார். எச்சம் கண்ணாடி முழுக்க இழுபட்டது. ஒரு கையில் துணியை எடுத்து, ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, ஓட்டிக்கொண்டே துடைக்கப் பார்த்தார். ரோட்டில் எருமை நின்றது. நான் கத்தினேன். அவர் வண்டியை ஒடித்தார். எருமை தப்பித்தது. புளியமரம் தப்பிக்க முடியாது, அது அங்கேயேதான் இருந்தது.

என் வலது முட்டி முன்னால் இருந்த பலகையில் போய் இடித்தது. இடித்தது முட்டி, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று பின்பக்கம், இடுப்புக்கும் கீழே, 'டக்' என்று கழன்ற மாதிரி இருந்தது. அந்தச் சத்தம் என் காதில் விழவில்லை, உடம்புக்குள் விழுந்தது. கண்ணாடி நொறுங்கி என் மடியில், தலையில் எல்லாம் கற்கண்டு மாதிரி கொட்டிக் கிடந்தது. பின்சீட்டிலிருந்து மாமனார் பேசினார்.

"யாரும் பார்த்தாங்களா?"

அதுதான் அவருடைய முதல் வார்த்தை. யாருக்காவது அடிபட்டதா என்பது இரண்டாவதாகவும் வரவில்லை. இரண்டாவது, "ரேடியேட்டர் ஒழுகுதா பாரு."

பார்த்தவர்கள் வந்துவிட்டார்கள். பக்கத்துக் கழனியிலிருந்து நாலைந்து பேர். ஒருவர் கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தார்.

"இன்னா சார், எரும எம்மாஞ் சைஸுல நின்னுகினு கீது, கண்ணு தெரியலயா?"

என் கணவர், "எருமைக்கு ஒண்ணும் ஆகல இல்ல?" என்றார்.

"எருமைக்கு இன்னா ஆவும்? அத்த வுடு சார். அந்தம்மா கால் எப்டி வளைஞ்சுகினு கீது பாரு. மொதல்ல பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

என்னை வெளியே தூக்கி மரத்தடியில் போட்டார்கள். வலது காலை நீட்ட முடியவில்லை. மடங்கி, முட்டி உள்பக்கமாகத் திரும்பி, இன்னொரு தொடையின் மேல் சாய்ந்து கிடந்தது. நான் நேராக்கப் பார்த்தால் யாரோ உள்ளே பிடித்து வைத்திருப்பது போல இருந்தது. ஒரு பெண் தன் சொம்பிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மாமனார் என் கணவரைத் தனியாக அழைத்துப் போனார். தனி என்றால் பத்தடி. எனக்கு எல்லாம் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்து என்று எழுதுவார்கள். எழுதினால் போலீசுக்குப் போகும். போலீஸ் வந்தால் வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய்ப் போடுவார்கள். வழக்கு முடிகிற வரை அங்கேயே கிடக்கும், டயர் வேறு ஆள் வண்டியில் ஓடும், சீட்டுக்குள் நாய் குட்டி போடும். அவர் எத்தனை வண்டியைப் பார்த்திருக்கிறார்! அதோடு எல்.எல்.ஆர். வேறு. ஆபீசுக்குத் தெரிந்தால் மெமோ வரும்.

"அதனால விபத்தே நடக்கல. புரியுதா? இவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. வீட்லதான் இருந்தோம். எங்கயும் போகல."

என் கணவர் தலையாட்டினார். மெத்தப் படித்தவர், சட்டென்று புரிந்துகொண்டார்.

திருக்கழுக்குன்றம் சந்தையில் மீன் இறக்கிவிட்டுக் காலியாக வந்த ஒரு வேனை நிறுத்தினார்கள். மாமனார் காரோடு நின்றுகொண்டார். இருட்டுவதற்குள் அதை மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துப் போக வேண்டும். எங்களை ஏற்றிவிட்ட ஆள், "பெரியாஸ்பத்திரிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று என் கணவர் சொன்னார். வேன் கிளம்பியதும் டிரைவரிடம் எங்கள் தெருப் பெயரைச் சொன்னார்.

வேனுக்குள் ஐஸ் உருகிய தண்ணீர். மீன் கவுச்சி. மாமியார் என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பாசம் என்றுதான் நினைத்தேன், அந்த நிமிஷத்தில் எனக்கு அது வேண்டியிருந்தது. பிறகு பார்த்தால் பேன் பார்ப்பதுபோல முடியைப் பிரித்துப் பிரித்துக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கியதை ஒவ்வொன்றாக வேனுக்கு வெளியே போட்டார்.

"அத்தை, இடுப்பு போயிடுச்சு அத்தை."

"ஒண்ணும் போகல. கத்தாத. டாக்டர் கேட்டா பாத்ரூம்னு சொல்லு. உன் புருஷன் வேலைதான் உன் சோறு, ஞாபகம் வெச்சுக்கோ."

நேரே டாக்டரிடம் போகவில்லை. வீட்டுக்குப் போனோம். ஏனென்றால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு யாரும் பாத்ரூமில் வழுக்கி விழ மாட்டார்கள். மாமியாருக்கு அது வேனிலேயே தோன்றிவிட்டது. கூடத்தில் பாயில் போட்டு, என் கணவர் தோளைப் பிடித்துக்கொள்ள, மாமியார் புடவையை உருவினார். பழைய நூல் புடவையைச் சுற்றுவதற்கு என்னைப் புரட்ட வேண்டியிருந்தது. புரட்டினார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். "பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்று முதல் முறையாக வெளி ஆளிடம் சொன்னார்கள். அந்தம்மா நம்பியதைப் பார்த்ததும் மாமியாருக்குத் தைரியம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு மக் தண்ணீர் கொண்டு வந்து என் புடவைக் கொசுவத்தில் ஊற்றினார். விழுந்தவள் நனைந்திருக்க வேண்டும் அல்லவா?

தெரிந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனோம். டாக்டர் நல்லவர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எப்படி அடிபட்டது என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதிலை என் கணவர் சொன்னார். பாசி, சோப்பு, முட்டி தரையில் இடித்தது என்று விவரமாகவே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது கண்ணில் தெரிந்தது போலிருந்தது. டாக்டர் முட்டியைப் பார்த்தார். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். முட்டிச் சில்லில் விரிசல் விட்டிருந்தது.

நான், "இடுப்பு, சார். இடுப்புதான்" என்றேன்.

டாக்டர் குனிந்தார். மாமியார் முந்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் வெட்கப்படுவது போல, "அவளுக்கு அந்த நாளு சார். எப்பவுமே அப்போ இடுப்பு வலின்னு துடிப்பா" என்றார்.

டாக்டர் நிமிர்ந்துவிட்டார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். காலைப் பிடித்து நீட்டிக் கட்டியபோது நான் மயங்கிவிட்டேன். வலி தாங்க மாட்டாத பெண் என்று நர்ஸ் சொன்னதாக மாமியார் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

அதன் பிறகு நான் கூடத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் என்னைப் பார்த்துவிட்டுப் பிறகு பாத்ரூமைப் போய்ப் பார்த்தார்கள். "ஆமா, தரை வழவழன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து காபி குடித்தார்கள். ஆளாளுக்குப் பாத்ரூம் யோசனை சொன்னார்கள். மாமனார் கொத்தனாரை வரவழைத்துத் தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார். ஒரு பொய்க்கு இவ்வளவு சிரத்தையாக உழைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கருங்குழியிலிருந்து அம்மா வந்தாள். அவளுக்கும் அதே பாத்ரூம் கதைதான். வந்து கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாரும் கேட்டு வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். என் கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு தெரியும். முட்டி போட்டு உட்கார்ந்து, பாசியைத் திட்டிக்கொண்டே தேய்த்தாள். அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. கூப்பிட்டேன். கை ஈரத்தோடு வந்தாள். காதோடு எல்லாவற்றையும் சொன்னேன். கார், எருமை, புளியமரம், புடவை மாற்றியது எல்லாம். இடுப்பு கழன்ற மாதிரி இருக்கிறது, என்னை இங்கிருந்து கூட்டிப் போ என்றும் சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தார். ரொம்ப நேரமாகவே நின்றிருக்க வேண்டும்.

"பொறுத்துக்கோம்மா. மாப்ள வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் திரும்பப் போய் பாத்ரூமை விட்ட இடத்திலிருந்து தேய்த்தாள். கொஞ்சம் நஞ்சமில்லை, மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள்.

மாமியார் மேல் இருக்கிற கோபம் ஒரு மாதிரி. அம்மா மேல் இருப்பது வேறு மாதிரி. அவள் செத்துப்போன பிறகும் அது போகவில்லை, அழும்போதுகூட நடுவில் அந்தத் தேங்காய் நார் சத்தம் வந்துவிடுகிறது.

இதற்கிடையில் காருக்கு வைத்தியம் நடந்தது. ஷெட் ஊருக்கு வெளியே இருந்தது. என் கணவர் தினமும் ஆபீஸ் விட்டு அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்து என் கட்டிலில் உட்கார்ந்து அதன் உடல்நிலையைச் சொல்வார். பானெட்டைத் தட்டி எடுத்தாகிவிட்டது. ரேடியேட்டர் புதுசு. இன்று பட்டி பார்த்தார்கள், நாளை பெயின்ட். ஒரு நாள் ரொம்ப உற்சாகமாக வந்தார்.

"தகடு தட்டுற டிங்கர் பெரிய கெட்டிக்காரன். வந்த அன்னிக்கே எங்கிட்ட கேட்டான், எவ்ளோ ஸ்பீடு, எந்தப் பக்கம் இடிச்சது, மரமா சுவரான்னு. எல்லாத்தையும் விடாம சொன்னேன். அப்புறம்தான் அடியில படுத்துப் பார்த்தான். முன்னாடி இடிச்சதுல பின்னாடி சேசிஸ் ஒரு நூல் வளைஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டான். சொல்லலன்னா தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. டிங்கரிடம் உண்மையைச் சொன்னார்கள், டாக்டரிடம் சொல்லவில்லை. அதை அவரிடம் சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் குத்தம்" என்று எழுந்து போய்விட்டார்.

கார் என்னைவிட முன்னால் குணமாகிவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் சுற்றினார்கள். மாமியார் ஆரத்தி கரைத்துக் காருக்கு எடுத்தார். கூடத்து ஜன்னல் வழியாக எனக்குப் பாதி பம்பர் மட்டும் தெரிந்தது. எனக்கு யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. பாத்ரூமில் விழுந்தவளுக்கு என்ன திருஷ்டி?

கட்டைப் பிரித்தார்கள். முட்டி சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன், வலது குதிகால் தரைக்கு வரவில்லை. ரொம்ப நாள் படுத்திருந்ததால் நரம்பு இழுத்திருக்கும், பழகினால் சரியாகும் என்று மாமனார் டாக்டருக்கு எடுத்துச் சொன்னார். டாக்டர் இடுப்பையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "பாத்ரூம்ல விழுந்ததுக்கு எதுக்கு சார் இடுப்பெல்லாம்" என்று என் கணவர் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். நான் பழகினேன். காலையும் மாலையும் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுண்ணாம்பில் என் கை பட்ட இடமெல்லாம் அழுக்குக் கோடு விழுந்தது. மாமியார் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார். பள்ளியில் ஒரு தடவை போய்க் கேட்டேன், உட்கார்ந்து பாடம் எடுக்கலாமா என்று. வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

தம்பிக்குப் பொத்தேரியில் வேலை கிடைத்தது. அங்கே இருந்த இன்ஜினியரிங் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை வாங்கிக்கொண்டு வந்தான். நான் சமையலறையிலிருந்து சுவரைப் பிடித்து வருவதைப் பார்த்தான். அக்கா இப்படித்தான் நடக்கிறாள் என்று அவனிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. புடவைப் பையைக் கீழே வைத்தான்.

"கெளம்புக்கா."

"எங்கடா?"

"எலும்பு டாக்டர்கிட்ட. தாம்பரத்துல ஒருத்தர் கீறாரு. ஆட்டோ கூப்ட்டுகினு வரேன், கெளம்பு."

மாமனார், யாரைக் கேட்டு என்றார். தம்பி ஆட்டோ கூப்பிடப் போய்விட்டான். கடைசியில் என் கணவரும் கூடவே வந்தார். என் மேல் அக்கறை இல்லை. பொய்யைத் தனியாக விட முடியாதே, அதற்குத் துணை.

தாம்பரத்து டாக்டர் வயசானவர். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, "கார்ல முன்சீட்டா இருந்தியாம்மா?" என்று கேட்டார்.

மாதக்கணக்கில் யாரும் என்னிடம் கேட்காத ஒரு கேள்வி அது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்."

டாக்டர் அவரை நன்றாகப் பார்த்தார். "எந்த ஊர் பாத்ரூம்ல சார் டேஷ்போர்டு வெச்சிருக்காங்க?"

அவர் படத்தைக் காட்டி விளக்கினார். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் கிண்ணத்தை விட்டுப் பின்பக்கமாக வெளியே வந்து நிற்கிறது. முட்டி முன்னால் இடித்தால் இப்படித்தான் பின்னால் கழலும். கார் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் எந்த டாக்டரும் இடுப்பைப் பார்க்காமல் விடமாட்டார். அன்றைக்கே வந்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து, இழுத்து, உள்ளே தள்ளியிருப்பேன், கத்தியே வைக்க வேண்டியதில்லை என்றார். இப்போது உருண்டைக்குப் போகிற ரத்தம் நின்றுவிட்டது, அது செத்துக்கொண்டிருக்கிறது. திறந்து என்னால் ஆனதைச் செய்கிறேன், ஆனால் பழைய நடை வராது என்றார்.

"ஓட முடியுமா சார்?" என்று நான் கேட்டேன். எதற்காக அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நடந்தா போதும்னு நினைச்சுக்கோம்மா" என்றார்.

தம்பி என் கணவரின் சட்டையைப் பிடித்தான். டாக்டர்தான் விலக்கிவிட்டார். ஆட்டோவில் திரும்பி வரும்போது என் கணவர், "டாக்டர்ங்க எல்லாம் பயமுறுத்தத்தான் செய்வாங்க" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒன்றாக வாழ வேண்டிய ஆட்கள்.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னபடியே நடந்தேன், ஓடவில்லை. வலது கால் குட்டையாகவே நின்றுவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து எழும். அதை மறைப்பதற்கு நான் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். மூச்சைப் பிடித்து, இடுப்பை இறுக்கி, சின்னச் சின்ன அடியாக, கைக்கு எட்டும் தூரத்தில் ஏதாவது ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொண்டு நடந்தால் பாதி தெரியாது. சாயங்காலத்துக்குள் உயிர் போகும். கல்யாண வீடுகளில் அப்படித்தான் நடப்பேன். என்னை நொண்டி என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று அவ்வளவு வீம்பு.

விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். எங்கே வருவது? அம்மா பாத்ரூம் தேய்த்துவிட்டுப் போன வழியைத்தான் பார்த்தேனே. தம்பிக்கு அப்போதுதான் கல்யாணம். அதனால் அங்கேயே இருந்தேன். காரில் எங்கே போனாலும் என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார்கள். காலை நீட்டிக்கொள்ள வசதி என்றார்கள். கார் விபத்து பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்குள் தனியாக இருக்கும்போதும் பாத்ரூம் என்றுதான் பேசினார்கள். சில சமயம் அவர்களே நம்பிவிட்டார்களோ என்று தோன்றும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ரோட்டில் புதுப்புதுக் கார்கள் வந்துவிட்டன. என் கணவருக்கும் ஆசை வந்தது. பழையதை விற்கப் போவதாகச் சொல்லி வைத்தார். மதுராந்தகத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் மெக்கானிக்கோடு பார்க்க வந்தார். ஒரு முற்பகல். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி ஆக்சிடென்ட் ஏதனா ஆயிருக்கா சார்?" என்று மெக்கானிக் கேட்டான்.

"கீறல்கூட இல்ல. குழந்தை மாதிரி வெச்சிருந்தோம்" என்றார் என் கணவர்.

எனக்குக் காபி கொண்டு வரச் சொல்லி உத்தரவு வந்தது. தட்டில் வைத்துக் கொண்டு வந்தேன். இரண்டு கையிலும் தட்டு, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. முடிந்தவரை மறைத்துத்தான் நடந்தேன். கடைக்காரர் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"கால்ல இன்னாம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றார் என் கணவர். மாமனாரும் கூடவே தலையை ஆட்டினார்.

"இந்தக் கார்லதான் அடிபட்டது" என்றேன். "இவர்தான் ஓட்டினார். திருக்கழுக்குன்றம் ரோட்டுல புளியமரத்துல மோதினார். நான் முன்சீட்டுல இருந்தேன்."

இத்தனை வருஷம் கழித்து வாய்விட்டுச் சொல்லும்போது ஏதோ ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்ப்பார், ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று. அவர் குனிந்து காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். மெக்கானிக் தரையில் படுத்து அடியில் நுழைந்தான்.

"இட்ச வண்டின்னா வெல கம்மி பண்ணணும் சார். சொல்லாம வுட்டுட்டீங்களே" என்றார் கடைக்காரர். ஒரு பெரிய தொகையைக் குறைத்துச் சொன்னார்.

மாமனார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சின்ன இடிதாங்க அது. ரொம்பச் சின்னது." விபத்து நடந்தது என்று அந்த வீட்டில் ஒத்துக்கொண்டது அப்போதுதான், அதுவும் இந்த மாதிரி.

"அந்தம்மா காலப் பாத்தா சின்ன இடி மாரி தெரியலியே" என்றான் மெக்கானிக், காருக்கு அடியிலிருந்தே.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "அவ நல்லாதான் நடக்கிறா. பாருங்களேன் நீங்களே. ஏய், உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நான் மூச்சைப் பிடிக்கவில்லை. இடுப்பை இறுக்கவில்லை. சுவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அதைத் தொடவில்லை. கால் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டு, ஒவ்வொரு அடிக்கும் தோள் கீழே போய் மேலே வர, வாசலிலிருந்து சமையலறை வரை மெதுவாக நடந்தேன். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு அதே மாதிரி திரும்பி வந்தேன். வருகிற வழியெல்லாம் தண்ணீர் சிந்தியது.

கடைக்காரர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்கள்.